தெற்குப் பெட்டி

அந்த வாரம் முழுக்க சர்வர் காலை பத்தரை மணிக்கு அணைந்தது. அணைந்து, தானே எழும்பி, கால் மணி நேரம் ஓடி, மறுபடி அணைந்தது. நாட்டுப்படகு மீனவர்களின் சங்க அலுவலகம் அது. தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்கு எதிர்ச் சந்தில், ஒரு வலைக்கடையின் மாடியில் இருந்தது. நான் இந்த ஊரில் ஏழெட்டு அலுவலகங்களின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவள். ஒரு கப்பல் ஏஜென்ட், ஒரு உப்புக் கம்பெனி, ஒரு பல் டாக்டர், அப்புறம் இந்தச் சங்கம். சாத்தான்குளம் பக்கத்து வாத்தியார் வீட்டுப் பெண். பதினாறு வருஷமாகக் கடலைப் பார்த்தபடி வேலை செய்திருக்கிறேன். ஒரு நாளும் படகில் ஏறியதில்லை.

சங்கத்து சர்வர் செய்த வேலை சின்னது. ஒவ்வொரு படகிலும் ஒரு கருவி இருக்கும். அரை மணிக்கு ஒரு தடவை அது தன் எண்ணையும், தான் நிற்கிற இடத்தையும், இது தன்னுடைய எத்தனையாவது செய்தி என்பதையும் ரேடியோவில் சொல்லும். அதைக் கேட்பதற்குக் கரையில் மூன்று பெட்டிகள். ஒன்று எங்கள் மாடியிலேயே. ஒன்று வடக்கே. இன்னொன்று தெற்கே, திருச்செந்தூர் போகிற வழியில் ஒரு கடற்கரை ஊரின் மீன் ஏலக்கூட மொட்டை மாடியில். பெட்டிகள் கேட்டதை சர்வருக்கு அனுப்பும். சர்வர், செய்தி வந்து சேர்ந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, வரைபடத்தில் ஒரு பச்சைப் புள்ளி வைக்கும். அந்த வரைபடம் அலுவலகச் சுவரில் ஒரு பெரிய டிவியில் நாள் முழுக்க ஓடும். கடலுக்குப் போனவர்களின் வீட்டுப் பெண்கள் மீன் விற்றுத் திரும்பும்போது படியேறி வந்து, தங்கள் படகின் புள்ளியைப் பார்த்துவிட்டு இறங்கிப் போவார்கள். டிவியைத் தொட்டு, தொட்ட விரலை முத்திக்கொள்கிறவர்களும் உண்டு.

சர்வர் அணைந்தால் புள்ளிகள் போய்விடும். அந்த வாரம் அலுவலகப் பெண் எனக்கு நாளுக்கு நாலு தடவை போன் செய்தாள்.

முதல் நாள் யூபிஎஸ்ஸைத் திறந்தேன். பேட்டரி வயிறு வீங்கிப்போய் வெளியே எடுக்கவே வரவில்லை. புதிது போட்டேன். மறுநாள் பத்தரைக்கு மறுபடி அணைந்தது. மூன்றாம் நாள் பத்து மணிக்கே போய், மல்டிமீட்டரைச் சுவர் பிளக்கில் குத்திவைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். பத்து இருபத்தெட்டுக்குப் பக்கத்துக் கட்டடத்தில் ஐஸ் உடைக்கிற மெஷின் போட்டார்கள். மீட்டரில் எண் சரிந்தது, பிறகு எகிறியது. கீழே இறங்கி மெயின் போர்டைத் திறந்து பார்த்தால் நியூட்ரல் வயர் பிடிப்பே இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. செம்புக் கம்பி பச்சையாகப் பூத்திருந்தது. இந்த ஊரில் காற்றே உப்புதான். எந்த உலோகத்தையும் விட்டுவைக்காது. எலக்ட்ரீஷியனை வரவழைத்து, கம்பியை வெட்டிப் புதிதாக முறுக்கவைத்தோம். அதன்பிறகு சர்வர் அணையவில்லை.

ஆனால் நெட்வொர்க் விட்டு விட்டு வந்தது. சர்வர் ஓடுகிறது, புள்ளிகள் மட்டும் ஐந்து நிமிஷம் உறைந்து நிற்கின்றன. ஸ்விட்சில் இருந்த கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். ஆறாவதைக் கழற்றியதும் எல்லாம் சரியாகிவிட்டது. அது மாடியில் தெற்கு நோக்கி நின்ற ஆண்டெனாவுக்குப் போகிற கேபிள். உறைக்குள் மழைத் தண்ணீர் இறங்கியிருந்தது. எதிர்முனையில் இருந்த தெற்குப் பெட்டி செத்து ரொம்ப நாளாகியிருந்தது. இந்த ஆண்டெனா அதைத் தேடித் தேடி ஸ்விட்சையும் சேர்த்து முடக்கிக்கொண்டிருந்தது.

அதுவரை எனக்குத் திறக்கத் தேவை வராத சர்வர் பதிவேட்டைத் திறந்தேன். நிமிஷத்துக்கு ஒரு வரி. ‘தெற்கு நிலையம்: பதில் இல்லை.’ மேலே தள்ளிக்கொண்டே போனேன். பக்கம் பக்கமாக அதே வரி. இரண்டு வருஷத்துக்கு முன் புயல் அடித்த நாளின் காலை வரை போயிற்று. அதற்கு முந்தைய வரியில்தான் தெற்கு நிலையம் கடைசியாகப் பேசியிருந்தது.

செயலாளர் அண்ணாச்சி பின்னால் வந்து நின்றிருந்தார். அறுபதைத் தாண்டியவர். முப்பது வருஷம் கடலில் இருந்தவர். இடது கையில் இரண்டு விரல்கள் மடங்காது.

“சரியாயிட்டா எம்மா?”

“ஆயிட்டு அண்ணாச்சி. தெக்குப் பெட்டி கேபிள்தான் தொந்தரவு. பெட்டியே செத்துக் கிடக்கு.”

“அந்தக் கேபிளக் கழத்திப் போட்டுரு. இனி மாட்டாண்டாம்.”

“நேர்ல போய்ப் பாத்தா அதையும் சரி பண்ணிரலாம். தெக்க போற படகுக்கு உதவும்லா?”

“ரெண்டு வருசமா இல்லாமத்தான ஓடுது,” என்றார். பிறகு, “ஒன் இஷ்டம்,” என்று உள்ளே போய்விட்டார்.

கழற்றிப் போட்டிருந்தால் போதும். என் வேலை அத்தோடு முடிந்திருக்கும். எந்தப் பட்டியலிலும் ஒரு சிவப்பு வரி கிடப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. என் குணம் அப்படி. இதை அப்போது ஒரு நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து, எங்கள் மாடி ஆண்டெனாவின் கேபிளை மாற்றி மாட்டிவிட்டு, பையில் ஒரு புது அடாப்டர், கேபிள், ஒரு சின்ன பேட்டரி எல்லாம் போட்டுக்கொண்டு திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறினேன். முத்தையாபுரம் தாண்டி, உப்பளங்கள் தாண்டி, அந்த ஊர் விலக்கில் இறங்கிக் கடற்கரைக்கு நடந்தேன். ஏலம் முடிந்து கூடத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள். இரும்பு ஏணியில் மொட்டை மாடிக்கு ஏறினால் எல்லாப் பக்கமும் கடல்தான் தெரிந்தது. மேற்கே மட்டும் நெருக்கமாக வீடுகள், சிலுவை நட்ட ஒரு குருசடி, துணி காயும் கொடிகள்.

பெட்டியின் பூட்டு துருப்பிடித்து ஒட்டிப்போயிருந்தது. சுத்தியலால் தட்டித் திறந்தேன். உள்ளே கரிந்த வாடை. புயல் அன்று மின்சாரம் எகிறி, ஆண்டெனாவுக்குப் போகிற அடாப்டர் எரிந்திருக்கிறது. அதோடு மெயின் கரண்ட்டும் போயிருக்கிறது. ஆனால் செய்தி கேட்கிற பாகம் தனி. அதற்குக் கீழே ஒரு பேட்டரி இருந்தது. அதையும் தொட்டுப் பார்த்தேன். உயிரே இல்லை. கழற்றி, ஓரமாக வைத்தேன்.

புது அடாப்டர், புது பேட்டரி, புது கேபிள். முனைகளில் படிந்திருந்த உப்பைப் பல் தேய்க்கிற பிரஷால் தேய்த்தேன். கரண்ட் கொடுத்ததும் மஞ்சள் விளக்கு எரிந்தது. மூன்று நிமிஷம் கழித்துப் பச்சை விளக்கும் எரிந்தது. அலுவலகப் பெண்ணுக்குப் போன் செய்து, “இப்பம் தெற்கு வருதா பாரு” என்றேன். “வருதுக்கா, தெக்க நாலு படகு புதுசாத் தெரியுது” என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இறங்கி, விலக்கில் ஒரு கடையில் இட்லி சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறினேன்.

முத்தையாபுரத்துக்கு இந்தப் பக்கம், துறைமுகத்துக்குத் திரும்புகிற கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றதில் பஸ் மாட்டிக்கொண்டது. அப்போது அலுவலகப் பெண் கூப்பிட்டாள். குரல் சரியாக இல்லை.

“யக்கா, ஒரு படகு வந்திருக்கு.”

“என்ன படகு?”

அவள் கடைசி நாலு எண்களைச் சொன்னாள். அந்த எண்ணைச் சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். புயலில் போய்த் திரும்பாத வள்ளம். அதில் இரண்டு பேர் போயிருந்தார்கள். ஒருவர் குடும்பம் இல்லாத பெரியவர். மற்றவர் வள்ளத்துக்காரர், நாற்பது வயதுகூட இல்லை. ஒன்பது நாள் தேடினார்கள். பலகைத் துண்டுகூடக் கிடைக்கவில்லை.

“நவுருதுக்கா,” என்றாள். “இப்பம் ரெண்டு வாட்டி நவுந்துட்டு.”

எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. இதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். மெயின் கரண்ட் போன பிறகும் அந்தப் பெட்டி பேட்டரியில் ஓடி, கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அனுப்ப வழி இல்லாததால், கேட்டதை எல்லாம் தன் மெமரி கார்டில் எழுதிவைத்திருக்கிறது. நான் இன்று உயிர் கொடுத்ததும், வைத்திருந்ததை நாலு நிமிஷத்துக்கு ஒன்றாக அனுப்புகிறது. சர்வருக்குத் தெரிந்தது வந்து சேர்ந்த நேரம் மட்டும்தான். அதனால் இரண்டு வருஷத்துக்கு முந்தைய செய்திக்கு இன்றைய நேரத்தைப் போட்டு, பச்சைப் புள்ளி வைக்கிறது.

இதை நான் போனிலேயே சொல்லியிருக்க வேண்டும். ‘அது பழசு, டிவியை அணை’ என்று நாலு வார்த்தை போதும். நான் சொன்னது, “எதையும் தொடாத, நான் வந்துக்கிட்டு இருக்கேன்.” ஒருவேளை நான் நினைப்பது தப்பாக இருந்தால்? ஒருவேளை நிஜமாகவே எங்கோ அந்தக் கருவி? அப்படி ஒரு எண்ணம் எனக்குள்ளும் ஓடியது. லாரிகள் நகரவில்லை. முக்கால் மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன்.

நான் படியேறும்போதே கூட்டம் தெரிந்தது. கீழே வலைக்கடைக்காரர் கடையை விட்டுவிட்டு மேலே வந்து நின்றிருந்தார். எல்லோரும் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால், டிவிக்கு ஒரு முழம் தள்ளி, அந்த வள்ளத்துக்காரரின் மனைவி நின்றிருந்தாள். துறைமுகத்தை ஒட்டி இருக்கிற மீன் கம்பெனியில் இறால் உரிக்கிறவள். செய்தி கேட்டதும் அப்படியே ஓடி வந்திருக்கிறாள். தலையில் வெள்ளைத் தொப்பி, காலில் ரப்பர் பூட்ஸ், கையுறையைக் கூடக் கழற்றவில்லை. தரையெல்லாம் ஈரம்.

புள்ளி நகர்ந்தது. கொஞ்சம் தெற்கே, கொஞ்சம் மேற்கே.

“கரைக்குத்தான் வாராவ,” என்று அவள் யாரிடமோ இல்லாமல் சொன்னாள். “பாருங்க. கரைப் பக்கம்தான வாராவ.”

அண்ணாச்சி சுவரில் சாய்ந்து நின்றார். என்னைப் பார்த்ததும் தலையை லேசாக ஆட்டினார், ‘நீயே சொல்லு’ என்பது போல.

நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பது வரிசையாக நினைவில்லை. பழைய செய்தி, பெட்டியில் தங்கியிருந்தது, இப்போதுதான் வருகிறது என்று சொல்லியிருப்பேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

“பழசுன்னா எப்ப உள்ளது?”

“புயல் அன்னைக்கு உள்ளது அக்கா.”

“எந்தப் பெட்டில இருந்துச்சி?”

ஊர் பேரைச் சொன்னேன்.

“எங்க ஊரு ஏலக்கூடத்துலயா?” என்றாள். “எங்க வீட்டுக்கு நேர் பொறத்தாலயா? நான் துணி காயப்போடுத எடத்துக்கு மேலயா?”

அவள் ஊர் அதுதான் என்பது எனக்குத் தெரியாது. அன்று காலை அந்த மாடியிலிருந்து நான் பார்த்த கொடிகளில் ஒன்று அவளுடையது.

டிவியை யாரும் அணைக்கவில்லை. அணைக்கவிட அவளும் சம்மதிக்கவில்லை. மிச்சமிருந்த செய்திகள் வந்து முடியும்வரை எல்லோரும் நின்றோம். ஒவ்வொன்றுக்கும் நாலு நிமிஷம். புள்ளி மணப்பாட்டுக்குத் தென்கிழக்கே போய் நின்றது. நாலு நிமிஷம் ஆயிற்று, எட்டு நிமிஷம் ஆயிற்று. அதன்பிறகு நகரவில்லை.

நான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எண்களை எடுத்தேன். புயல் அன்று துறைமுகப் பெட்டி அந்த வள்ளத்திடமிருந்து கடைசியாகக் கேட்டது 318ஆவது செய்தி, காலை ஒன்பது பத்துக்கு. அந்த நேரத்தையும் இடத்தையும் வைத்துத்தான் கிழக்கே தேடினார்கள். தெற்குப் பெட்டியில் தங்கியிருந்தவை 319 முதல் 340 வரை. இருபத்திரண்டு செய்திகள், அரை மணிக்கு ஒன்று. பதினோரு மணி நேரம். காலையோடு போய்விட்டது என்று எல்லோரும் நம்பிய வள்ளம் இரவு எட்டு பத்து வரை பேசிக்கொண்டிருந்திருக்கிறது. எஞ்சின் நின்று, வாடைக் காற்றும் நீவாடு என்கிற நீரோட்டமும் இழுத்த போக்கில் தெற்கே போயிருக்கிறது. கரையை ஒட்டி, எங்களைத் தாண்டி. அங்கே ஒருவரும் தேடவில்லை.

இதைக் கூட்டிச் சொன்னபோது கூட்டத்தில் யாரோ ஒருவர் ‘சேசுவே’ என்றார்.

அவள் கேட்டாள். “எட்டு பத்துக்குப் பொறவு?”

எனக்குப் பதில் தெரியும். எட்டு பத்துக்கு நின்றது வள்ளம்தான் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தப் பெட்டியின் பேட்டரி அவ்வளவு நேரம்தான் தாங்கும். தீர்ந்து, பெட்டி கேட்பதை நிறுத்தியிருக்கிறது. அன்று காலைதான் அந்தப் பேட்டரியை என் கையால் கழற்றி வைத்திருந்தேன். 341 சொல்லப்பட்டிருக்கலாம். 360, 400 எல்லாம்கூடச் சொல்லப்பட்டிருக்கலாம். கேட்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன்.

“அதான் கடைசி,” என்றார் அவர், அவளிடம்.

“ஆமா அக்கா,” என்றேன். “அதான் கடைசி.”

அவள் தொப்பியைக் கழற்றினாள். “அந்தக் கணக்க ஒரு தாள்ல எழுதித் தாங்க,” என்றாள். நான் அச்செடுத்துக் கொடுத்தேன். இருபத்திரண்டு வரிகள். ஈரக் கையுறையோடு வாங்கியதால் ஓரம் நனைந்தது.

எல்லோரும் போன பிறகு அண்ணாச்சி என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “நெசத்தச் சொல்லி என்ன செய்ய எம்மா,” என்றார். “ரெண்டு வருசமா அவ பூச வைக்க மாட்டேன்னுட்டா. கல்லறையில குழிக்கல்லு போட விடல. இன்னைக்குத்தான் ஒரு நேரம், ஒரு எடம் கெடச்சிருக்கு அவளுக்கு. இருந்துட்டுப் போட்டும்.” பிறகு, “அந்தப் பெட்டிய நாந்தான் சரி பண்ண விடல. அது கேக்கலன்னு புயல் அன்னைக்கே எனக்குத் தெரியும். கேட்டிருந்தா என்ன சொல்லியிருக்கும்னு நெனைக்கப் பயந்து, அப்படியே விட்டுட்டேன்,” என்றார். மடங்காத இரண்டு விரல்களையும் மேஜைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த மாதம் கோயிலில் அவருக்காகப் பூசை வைத்தார்கள். அதற்கு முந்தைய நாள் காலையில் அவள் தன் தம்பியின் வள்ளத்தில், அந்தத் தாளில் இருந்த கடைசி இடத்துக்குப் போய்ப் பூப் போட்டுவிட்டு வந்தாளாம். என்னையும் பூசைக்குக் கூப்பிட்டிருந்தாள். நாங்கள் வேறு சபை; அந்தக் கோயிலில் எப்போது முழங்கால் போடுவது, எப்போது எழுந்திருப்பது என்று தெரியாமல், முன்வரிசைப் பெண்ணைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். வெளியே வரும்போது ஒரு நினைவு அட்டை கொடுத்தார்கள். அவர் படம் இருந்தது, நீலச் சட்டையில் சிரித்தபடி. கீழே பிறந்த நாள், இறந்த நாள். இறந்த நாளுக்குப் பக்கத்தில் ‘இரவு 8.10’ என்று அச்சடித்திருந்தார்கள்.

அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். அடுத்த வாரம் பையைத் துழாவும்போது கையில் பட்டது. எடுத்து ஒரு புத்தகத்துக்குள் வைத்தேன். பிறகு அந்தப் புத்தகத்தையே திறக்க முடியவில்லை.

அந்த மாதங்களில் எனக்கு நடந்ததைச் சொல்வது கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. பகல் வெளிச்சத்தில், பல் டாக்டர் அலுவலகத்தில் பிரிண்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, கேட்க ஆளில்லாத ஒரு செய்தி என்று நினைப்பு வரும். கடல் நடுவில் ஒரு சின்னக் கருவி, அரை மணிக்கு ஒரு தடவை, சரியாகத் தன் எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதற்குக் கோபமோ அவசரமோ கிடையாது. முறையாகச் சொல்கிறது. அதன் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, அதன் சின்ன விளக்கு மினுங்குவதைப் பார்க்கிறார். விளக்கு மினுங்கினால் செய்தி போய்விட்டது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தோம். கருவிகளைக் கொடுத்த அன்று சங்கத்தில் நின்று அதைச் சொன்னது நான்தான். ‘விளக்கு மினுங்குனா கரையில நாங்க பாத்துக்கிட்டு இருக்கோம்னு அர்த்தம்’ என்று. அந்தக் கூட்டத்தில் அவரும் இருந்திருப்பார். எந்த முகம் என்று எனக்கு நினைவில்லை.

சங்கத்து சர்வரில் உட்காரும்போதெல்லாம் தேடுகிற கட்டத்தில் 341 என்று அடித்துப் பார்ப்பேன். அந்த வள்ளத்தின் பேரில் ஒன்றும் வராது. வராது என்று தெரிந்தேதான் அடிப்பேன். என் கணவர் ஒரு நாள், “நீ ஏன் சாப்பிடும்போது கடிகாரத்தையே பாக்குத?” என்று கேட்டார். நான் பார்த்தது எனக்கே தெரியாது.

ஐந்து மாதம் போயிற்று. ஒரு மதியம் மீன் கம்பெனி வாசலுக்குப் போய் நின்றேன். சாப்பாட்டு இடைவேளையில் பெண்கள் வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்காருவார்கள். அவள் என்னைப் பார்த்ததும் தூக்குவாளியை மூடிவைத்துவிட்டு எழுந்து வந்தாள். அந்த மாதங்களில் அவள் முகம் தெளிந்திருந்தது. அதைப் பார்த்தும் நான் சொன்னேன்.

“அக்கா, அன்னைக்கு நான் ஒண்ணு மறச்சிட்டேன். எட்டு பத்துக்கு நின்னது வள்ளம் இல்ல. நம்ம பெட்டிதான். பேட்டரி தீந்துபோச்சி. அதுக்கு அப்புறம் என்ன ஆச்சின்னு யாருக்கும் தெரியாது.”

பின்னால் பெண்கள் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“அப்பம் அவிய அதுக்கு மேலயும் இருந்திருக்கலாம்.”

“இருந்திருக்கலாம் அக்கா.”

“மறுநாளும்.”

“தெரியாது அக்கா.”

“இத ஏன் இப்பம் சொல்லுதிய?”

“மறச்சு வச்சிருக்க முடியல.”

“ஒங்களுக்கு முடியல,” என்றாள். குரல் உயரவில்லை. “அதக் கொண்டாந்து என்கிட்ட எறக்கி வச்சிட்டுப் போறிய. அஞ்சு மாசம் நான் ஒறங்குனேன். அது தெரியுமா ஒங்களுக்கு? எட்டு பத்தோட முடிஞ்சிட்டுன்னு ஒறங்குனேன்.”

திரும்பி உள்ளே போனாள். தூக்குவாளியை எடுக்கவில்லை. அதை எடுத்து இன்னொரு பெண்ணிடம் கொடுத்துவிட்டு வந்தேன். உண்மையைச் சொன்னால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தேன். இறங்கியது. எங்கே போய் இறங்கியது என்பதைக் கண்ணால் பார்த்த பிறகு, அதில் ஆறுதலே இல்லை.

மூன்று வாரம் அவளைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. பிறகு ஒரு காலையில் நான் அலுவலகத்தில் இருக்கும்போதே படியேறி வந்தாள். டிவியைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. நேராக அண்ணாச்சியின் மேஜைக்குப் போனாள்.

“ஏலக்கூடத்துப் பெட்டிச் சாவி யார்ட்ட இருக்கு?”

“இங்கனதான் இருக்கு. எதுக்கு?”

“என்ட்ட தாங்க.”

“ஒனக்கு எதுக்கு பிள்ள அந்தத் தொல்ல...”

“எங்க ஊருல கரண்டு போனா ஒங்களுக்கு எப்பம் தெரியும் அண்ணாச்சி? யாராவது போன் பண்ணுனாத்தான? நான் அங்கனயேதான இருக்கேன். வீட்டுக்குப் பொறத்தாலதான இருக்கு.” கையை நீட்டினாள். “இன்னொருக்க அது கேக்காமக் கெடக்கக் கூடாது.”

அவர் இழுப்பறையைத் திறந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். கொடுத்த பிறகும் இழுப்பறையை மூடாமல் உட்கார்ந்திருந்தார்.

அப்புறம்தான் அவள் என் பக்கம் வந்தாள். “எந்த வெளக்கு எதுக்குன்னு சொல்லுங்க,” என்றாள். நான் ஒரு தாளில் வரைந்து காட்டினேன். மஞ்சள் எரிந்தால் கரண்ட் இருக்கிறது. சிவப்பு எரிந்தால் பேட்டரியில் ஓடுகிறது. பச்சை அணைந்தால் நமக்கு வரவில்லை என்று அர்த்தம். அவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள். பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்டாள். பழையது பதினோரு மணி நேரம், நான் அப்புறம் போய்ப் பெரியதாக மாற்றிவிட்டேன், இரண்டு நாள் தாங்கும் என்றேன். ‘ரெண்டு நாள்’ என்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள். என்னை மன்னித்துவிட்டாளா என்று எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை.

இப்போது தெற்குப் பெட்டியில் எது நடந்தாலும் எனக்கு முதலில் தெரிவது அவள் போனால்தான். என் சர்வர் சிவப்பு வரி போடுவதற்கு முன்பே கூப்பிட்டுவிடுவாள். ‘மஞ்ச அணஞ்சிட்டு’ என்பாள், வேறு பேச்சு கிடையாது. முனைகளில் உப்புப் படிந்தால் அவளே துடைக்கிறாள். கல்லறையில் போட்ட கல்லில் ‘8.10’ அப்படியே இருக்கிறதாம். அதை மாற்றச் சொல்லவில்லை என்று அலுவலகப் பெண் சொன்னாள்.

போன வாரம் காற்று பலமாக இருந்தது. மதியம் இரண்டு மணிக்கு அவள் கூப்பிட்டாள். கரண்ட் இருக்கிறது, பேட்டரியும் இருக்கிறது, பச்சை மட்டும் விட்டு விட்டு எரிகிறது என்றாள். அவள் பேசுவதற்கு மேல் காற்று இரைந்தது. மாடியில் நின்றுதான் பேசுகிறாள். ஆண்டெனாவின் பிடி தளர்ந்து திரும்பியிருக்கும் என்று சொன்னேன். போனைக் காதில் வைத்துக்கொண்டே நான் சொல்லச் சொல்லத் திருப்பினாள். கொஞ்சம் வடக்கே. இன்னும் கொஞ்சம். போதும். நட்டை இறுக்குங்க அக்கா.

டிவியில் தெற்கே புள்ளிகள் ஒவ்வொன்றாக வந்தன.

“வந்துட்டா?”

“வந்துட்டு அக்கா.”

“எத்தன?”

எண்ணினேன். “பதிமூணு.”

அந்தப் பக்கம் காற்று மட்டும் கேட்டது. ஒவ்வொரு தடவையும் சரியான பிறகு அவள் ஒரு கேள்வி கேட்பாள். கேட்பதற்கு முன் இப்படிக் கொஞ்சம் நிற்பாள். நானும் பேசாமல் காத்திருப்பேன்.

“எல்லாம் புதுசுதான?”

எண்களை ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தேன்.

“புதுசு மட்டும்தான் அக்கா.”

“சரி,” என்றாள். “நான் எறங்குதேன்.”